வேற்று வீட்டில் பிள்ளையாக ஓராண்டு

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற கல்வி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் பேச அழைக்கப்படுவோர் தல வரலாறு குறித்தோ, சமய நெறி குறித்தோ உரையாற்றுவது மரபு. அதற்குரிய தகுதி எனக்கில்லை. நான் அரசு ஊழியன்; கோப்புகளோடு காலம் கழிப்பவன். நிர்வாகக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டதும் வேறொன்று. வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஓராண்டு பயிலச் செல்லும் மாணவருக்கு நம் ஆலயக் கல்வி நிதியிலிருந்து உதவலாமா என்னும் கேள்வி இவ்வாண்டு குழுவின் முன் வந்துள்ளது. விண்ணப்பித்திருப்பவர் ஒரு மாணவி. அவர் செல்ல விரும்புவது ஸ்பானிய மொழி வழங்கும் நாடு. பெற்றோர் பாதி மனத்தோடு இருக்கின்றனர்; குழுவின் நிலையும் அதுவே. 1998-ஆம் ஆண்டில் நான் அர்ஜென்டினா நாட்டில் அவ்வாறு ஓராண்டு தங்கியவன் என்பதால், கண்டதைக் கண்டபடி சபையில் சொல்லும்படி பணித்தனர். அதனையே செய்கிறேன்.

என்னை அறியாத இளையோர் பலர் இங்கிருக்கக்கூடும். என் தாயார் இம்மலையில் கொழுந்து எடுத்தவர்; தந்தையார் தேயிலை ஆலையில் வேலை செய்தவர். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இங்குக் காடழித்துத் தேயிலை நட்ட கைகளுள் தமிழ்க் கைகள் மிகப் பல. அந்த வழியில் வந்தவன் நான். ஆறாண்டுகள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்று, புகுமுக வகுப்பைக் கடந்து, தானா ராத்தாவில் இடைநிலைக் கல்வி முடித்து, 1997-இன் இறுதியில் எஸ்.பி.எம். தேர்வு எழுதினேன். தேர்வு முடிவு வெளிவருமுன்பே, 1998 பிப்ரவரியில், மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றின் வழி விமானம் ஏறினேன். அதற்கு முன் நான் சென்ற மிகத் தொலைவான ஊர் பினாங்கு.

இத்திட்டங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் பிறர் வீட்டில் தங்கிப் படிப்பது இரு வகைப்படும். முதல் வகை, கட்டணம் செலுத்தி மொழி கற்கும் வகை. ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரைச் சான்றாகக் கொள்ளலாம். அங்குள்ள பல்கலைக்கழகம் 1218-இல் தோன்றியது. அந்நகருக்கு மொழி கற்க வரும் மாணவரை ஊரார் தம் வீடுகளில் தங்கவைத்து உணவளிப்பர். அதற்குரிய தொகையைப் பெற்றுக்கொள்வர். அதில் குறை ஒன்றுமில்லை; ஆனால் அங்கே மாணவர் வாடகைதாரர். இரண்டாம் வகை, இடைநிலைப்பள்ளி மாணவர்க்குரிய பரிமாற்றம். இதனை நடத்துவோருள் பெயர் பெற்றது ஏ.எஃப்.எஸ். என்னும் அமைப்பு. முதல் உலகப் போரின்போது பிரான்சில் காயமுற்ற வீரர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் மருத்துவ ஊர்திப் படையே அதன் மூலம். இரண்டு போர்களையும் கண்ட பின்னர், பகை நாட்டுப் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் மற்றவர் வளர்ந்தால் மூன்றாவது போர் மூளாது என்று கருதி, 1940-களின் பிற்பகுதியில் அவர்கள் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினர். ரோட்டரி சங்கங்களும் இத்தகைய பரிமாற்றத்தை நெடுங்காலமாக நடத்தி வருகின்றன. இவ்வகையில் மாணவரை ஏற்கும் குடும்பம் பொதுவாக ஊதியம் பெறுவதில்லை. ஒரு கட்டில், படிக்க ஓரிடம், மூன்று வேளை உணவு ஆகியவற்றைத் தம் செலவிலேயே தருகின்றனர். குடும்பத்தோடு ஒத்துப்போகாவிடில், அவ்வூரிலுள்ள தொண்டூழியர் ஒருவரிடம் மாணவர் முறையிடலாம். வேறு வீடு பார்த்துத் தருவர்.

எனக்குக் கிடைத்த இடம் அந்நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள மிசியோனெஸ் மாநிலம். ஒருபுறம் பரகுவாய், மறுபுறம் பிரேசில். தலைநகர் புவெனஸ் ஐரிஸிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். இரவு முழுவதும் பேருந்துப் பயணம். விடியலில் கண் விழித்துச் சாளரத்திற்கு வெளியே பார்த்தபோது மண் செந்நிறமாக இருந்தது. அம்மண்ணின்மேல் இடுப்பளவு உயரத்தில், மேற்பரப்பு சமமாக வெட்டப்பட்டு நின்ற செடி என்னவென்று எனக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது தேயிலை.

நம்மவருள் பலர் அறியாத செய்தி இது. இந்தியா, இலங்கை, சீனா, கென்யா என்று தேயிலை நாடுகளை வரிசையிடுவோர் அர்ஜென்டினாவை மறந்துவிடுவர். உலகில் தேயிலை ஏற்றுமதி செய்யும் முதன்மை நாடுகளுள் அதுவும் ஒன்று. அதன் தேயிலையில் பெரும்பகுதி இந்த ஒரே மாநிலத்தில் விளைகிறது. 1920-களில் உக்ரேனியக் குடியேறிகள் தம் நாட்டுப் பக்கத்திலிருந்து வருவித்த விதைகளை விதைத்ததாக அங்குள்ளோர் வரலாறு கூறுவர். விளைவதில் பெரும்பங்கு அமெரிக்காவிற்குச் செல்கிறது. அங்குப் பனிக்கட்டியிட்ட தேநீராகக் குடிக்கப்படுகிறது. கொழுந்தைக் கையால் கிள்ளுவோர் அங்கில்லை. வரிசைக்கு மேலே நின்று செல்லும் பெரிய இயந்திரம் வெட்டி உறிஞ்சிக்கொள்கிறது. நம் மலைச் சரிவில் அத்தகைய இயந்திரம் ஏறாது. அங்கோ நிலம் மெல்லிய அலை போலத் தாழ்ந்தும் உயர்ந்தும் செல்வது.

அவ்வீட்டில் எனக்கு முதலில் புரிந்த சொல்லும் தேயிலையின் பெயரே. ஸ்பானிய மொழியில் தேநீரைத் 'தே' என்பர். மலாயில் 'தே', தமிழில் தேயிலை. மூன்றும் சீனாவின் ஹோக்கியன் மக்கள் வாயிலிருந்து கப்பலேறிய ஒரே சொல். இவ்வழியில் பின்னர் நான் தேடத் தொடங்கினேன். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் மொழி ஸ்பானியத்திற்கு உடன்பிறந்த மொழி. ஆகவே நாம் மேசை என்றால் அவர்களும் 'மேசா' என்பர். நாம் அலமாரி என்றால் அவர்கள் 'அர்மாரியோ'. துவாலை அவர்களுக்குத் 'தோஅய்யா'. மலாயில் கொடியைப் 'பெண்டேரா' என்கிறோம், அவர்கள் 'பந்தேரா'. காலணியைச் 'செப்பாத்து' என்கிறோம், அவர்கள் 'சபாத்தோ'. தமிழும் மலாயும் அறிந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வீட்டில் பாதிப் பொருள்களின் பெயர் முன்பே தெரிந்திருந்தது. 'ர'கர 'ற'கர வேறுபாட்டில் ஆங்கிலேயர் நாக்குத் தடுமாறும். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் வாய்விட்டு வாசித்தவனுக்கு அது ஒரு பொருட்டன்று. தமிழ்வழிக் கல்வி வெளிநாடு செல்வோர்க்குத் தடை என்று பேசுவோர் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.

ஒரு சொல்மட்டும் சிக்கலைத் தந்தது. அங்குத் தாயை 'மமா' என்று அழைப்பர். முதல் கடிதத்தில், மமா எனக்குப் போர்வை தந்தார், மமா என்னைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அங்கே எந்த மாமா வந்து சேர்ந்தார் என்று என் தாயார் பதில் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்.

அழைக்கும் முறையும் புதிது. நாம் பெற்றோரையும் மூத்தோரையும் 'நீங்கள்' என்போம். ஸ்பானியத்திலும் மதிப்புப் பன்மைக்கு நிகரான சொல் உண்டு. ஆனால் அந்நாட்டில் பிள்ளைகள் பெற்றோரை 'வோஸ்' என்று ஒருமையில்தான் அழைப்பர். மதிப்புச் சொல்லால் அழைத்தால் அயலாரைப்போல் விலகி நிற்பதாகப் பொருள். ஐம்பது வயதான ஒருவரை 'நீ' என்று சொல்ல என் நா எழவில்லை. மூன்று மாதங்கள் முன்னிலைச் சொல்லே வராதபடி வாக்கியங்களைச் சுற்றி வளைத்துப் பேசினேன். ஒருநாள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது தானாகவே வாயில் வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு விறகை எடுத்து நீட்டினார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. ஓராண்டு தங்குபவன் விருந்தாளியாக இருக்க இயலாது. இருந்தால் வீட்டார்க்கும் சுமை, அவனுக்கும் சுமை. நான்காம் நாளே என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார் அவ்வீட்டுத் தாயார். முற்றத்துச் செம்மண் தூசியைப் பெருக்குவது, உண்ட பின் தட்டுகளைத் துடைத்து அடுக்குவது, விறகு கொண்டுவருவது ஆகியவை எனக்கும் என் வயதொத்த அவ்வீட்டு மகனுக்கும் மாற்றி மாற்றி வரும். இது நம்மவர்க்குப் புதிதன்று. உள்தோட்டங்களில் பிறந்த எத்தனை பிள்ளைகள், இடைநிலைப்பள்ளிக்குச் செல்வதற்காகத் தாப்பாவிலும் ஈப்போவிலும் சிற்றப்பா வீட்டிலோ, தந்தையின் நண்பர் வீட்டிலோ தங்கிப் படித்தனர்! அதிகாலையில் எழுந்து வாசல் கூட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடியோர் இம்மண்டபத்திலேயே இருக்கின்றீர்கள். அந்தப் பயிற்சியின் தொலைதூர வடிவமே இது. வேறுபாடு, ஈப்போவில் அழுதால் சனிக்கிழமை வீட்டிற்கு வந்துவிடலாம்.

இனி, நம்மவர் கேட்கும் முதல் கேள்விக்கு வருகிறேன். உணவு. அர்ஜென்டினாவில் மாட்டிறைச்சி அன்றாட உணவு. ஞாயிறுதோறும் விறகுத் தணலில் இறைச்சி சுடுவது குடும்பச் சடங்கு. நான் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே எழுதியிருந்தேன். அதைப் படித்த பின்னரே அக்குடும்பம் என்னைத் தேர்ந்தெடுத்தது. கம்பியடுப்பின் ஒரு மூலை ஓராண்டு முழுவதும் என் கோழித் துண்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வடுப்பிற்கு அருகில் எப்பொழுதும் வெந்துகொண்டிருந்தது மரவள்ளிக்கிழங்கு. அந்த வட்டாரத்தில் அது ரொட்டிக்கு நிகரான உணவு. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளியால் உயிர் பிழைத்த தலைமுறையின் பேரன் நான். அதை விரும்பி உண்பவனைக் கண்டு அவ்வீட்டார் மகிழ்ந்தனர். இரவுணவு ஒன்பது, பத்து மணிக்கு மேல். நண்பகலில் ஊரே உறங்கும். இவற்றிற்கு ஒரு திங்களில் பழகிவிடலாம்.

பழகக் கடினமானது 'மாத்தே'. யெர்பா என்னும் மரத்தின் இலையை வாட்டிப் பொடித்து, சிறு சுரைக்குடுவையில் இட்டு, வெந்நீர் ஊற்றி, நுனியில் வடிகட்டியுள்ள உலோகக் குழலால் உறிஞ்சும் பானம் அது. தேயிலை விளைவிக்கும் அம்மக்கள் தாம் குடிப்பது தேநீரை அன்று, இதனையே. ஒருவர் ஊற்றிக் கொடுப்பார். குடித்தவர் குடுவையைத் திருப்பித் தர, மீண்டும் நீர் ஊற்றி அடுத்தவரிடம் நீட்டுவார். குழல் ஒன்றே. தாத்தாவும் அதிலேதான், பேரனும் அதிலேதான், வழிப்போக்கராக வந்து அமர்ந்த அண்டை வீட்டாரும் அதிலேதான். பெற்றுக்கொண்டு நன்றி என்று சொன்னால், போதும், இனி வேண்டாம் என்று பொருள். அடுத்த சுற்றில் குடுவை வராது. இதனை அவ்வீட்டுத் தாயார் முதல் நாளே எனக்குச் சொல்லித் தந்துவிட்டார்.

செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழக்கப்பட்டவர்கள் நாம். எச்சில் என்னும் சொல்லுக்கு நம்மிடையே உள்ள வலிமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லத் துணிகிறேன். எச்சில் பற்றிய எண்ணம் தூய்மை பற்றியது மட்டுமன்று. யார் யாரோடு அமரலாம் என்பதையும் அதுவே தீர்மானித்து வந்துள்ளது. தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் சிலருக்கெனத் தனிக்குவளை வைத்த கொடுமை நாம் அறிந்ததே. அந்த வீட்டில் குடுவை என்னிடம் வந்தபோது, அவர்கள் என்னை எண்ணிக்கையில் சேர்த்துவிட்டனர் என்பது புரிந்தது. வாங்கிக் குடித்தேன். கசப்பு. 2020-இல் கொவிட் தொற்று பரவியபோது, குடுவையைப் பகிர வேண்டாம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினரே மக்களைக் கேட்டுக்கொண்டனர். நோய்க்கு அஞ்சி விலகுவது வேறு, பிறப்பை நோக்கி விலக்குவது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் நாம் சொல்லி வந்தோம்.

இப்பொழுது சொல்லப்போவதைச் சற்றே விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என்னை ஏற்ற குடும்பத்திற்குச் சொந்தமாக நிலம் இருந்தது. பெருந்தோட்டத் துரைமார் அல்லர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வெறுங்கையோடு வந்து காட்டை வெட்டிக் குடியேறியோரின் பேரப்பிள்ளைகள். சிறிது தேயிலை, சிறிது யெர்பா, சில மாடுகள். தந்தையாரே இயந்திரம் ஓட்டுவார். முதல் மாதத்தில் ஒருநாள் இரவுணவின்போது அவ்வீட்டுத் தாயார், "உங்கள் வீட்டிற்கு எத்தனை ஏக்கர் தேயிலை?" என்னும் பொருளில் கேட்டார். தேயிலை மலையிலிருந்து வருபவன் என்று படிவத்தில் கண்டு, நாங்களும் நிலமுடையோர் என்று அவர்கள் எண்ணியிருந்தனர்.

அப்பொழுது எனக்கிருந்த ஸ்பானியத்தில், நிலம் இல்லை, என் தாய் பிறர் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார், கிலோ கணக்கில் கூலி என்று சொன்னேன். மேசையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் தந்தையார், கிலோவிற்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து சென்று ஒரு பென்சிலைக் கொண்டுவந்து, தம் பச்சைக் கொழுந்திற்கு ஆலைக்காரர் கிலோவிற்குத் தரும் விலையை எழுதினார். எரிபொருள் செலவு, உரச் செலவு, இயந்திரக் கடனுக்குரிய தவணை ஆகியவற்றை அதன்கீழ் எழுதிக் கழித்தார். இருவருமாக நள்ளிரவு வரை அக்காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கோ ஒருவர் பனிக்கட்டியிட்டுக் குடிக்கும் ஒரு குவளைத் தேநீரின் விலையில் அவருக்கு வருவது எவ்வளவு, என் தாயாருக்கு வருவது எவ்வளவு என்பதே அன்றைய பாடம். பள்ளியில் எனக்குக் கணக்குப்பதிவியலில் நல்ல புள்ளிகள் வந்ததுண்டு. ஆனால் கணக்கு எதற்கென்று விளங்கியது அன்றுதான்.

இங்கே நிறுத்திவிட்டால் கதை இனிமையாக முடியும். உண்மை அத்துடன் முடியவில்லை. ஏப்ரல் மாதம் யெர்பா அறுவடை தொடங்கியது. தேயிலையைப்போல் அது இயந்திரத்தால் அறுக்கப்படுவதன்று. அப்பொழுது பெரும்பாலும் கையால் வெட்டியே எடுத்தனர். அத்தொழிலாளரைத் 'தரெஃபேரோ' என்பர். இருள் பிரியுமுன் லாரியின் பின்புறத்தில் நின்றபடியே வருவர். கிளையை வெட்டி, இலையைப் பிரித்து, பெரிய விரிப்பில் குவித்து மூட்டையாகக் கட்டித் தராசில் தூக்குவர். எடைக்கேற்பக் கூலி. பள்ளியில் இருக்க வேண்டிய வயதுப் பிள்ளைகளும் அவர்களிடையே நின்றனர். தராசைச் சுற்றி நின்ற அந்த முகங்களை எனக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில், முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் அதே பார்வை. என்னை ஏற்ற தந்தையாரும் தம் யெர்பாவிற்கு அவர்களைத்தான் கூலிக்கு அமர்த்தினார். நானோ நிலமுடையவரின் மேசையில் உண்பவன். என் தாயார் அந்த லாரியில் வருவோரைச் சேர்ந்தவர்.

ஒரு சனிக்கிழமை அவர்களோடு வெட்டச் செல்கிறேன் என்றேன். தந்தையார் தடுக்கவில்லை, மகிழவும் இல்லை. மாலையில் என் கைகளைப் பார்த்த தாயார் வெந்நீரில் உப்பிட்டுக் கொண்டுவந்து வைத்தார். அன்றிரவு அவர்கள் இருவரும் அடுத்த அறையில் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினர். என்ன பேசினர் என்பது எனக்குப் புரியவில்லை. கூலியை உயர்த்தினார்களா என்றால், இல்லை. ஆனால் அடுத்த வாரம் முதல் தொழிலாளர்க்குரிய நண்பகல் உணவு அவ்வீட்டு அடுக்களையிலிருந்து சென்றது. நான் எதையும் மிகைப்படுத்த விரும்பவில்லை. நல்லவர்களின் வீட்டிலும் தராசு ஒன்று இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். அவர்களை இன்றளவும் நேசிக்கிறேன் என்பதையும் அதோடு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். அது இச்சபைக்கு நேரடித் தொடர்புடையது. 1997-இன் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை ரிங்கிட். 1998 ஜனவரியில் அது 4.88 வரை சென்றது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் அரசாங்கம் 3.80 என்று நிலைநிறுத்தியது. அர்ஜென்டினாவிலோ அப்பொழுது ஒரு பேசோ ஒரு டாலருக்குச் சமம் என்று சட்டமே இருந்தது. ஆகவே இம்மலை மக்கள் எனக்கெனத் திரட்டிக் கொடுத்த தொகை, நான் புறப்படுமுன்பே பாதியளவு மதிப்பிழந்திருந்தது. இதனை நான் அங்கே சொல்லிக்கொள்ளவில்லை. எப்படியோ அறிந்துகொண்ட அவ்வீட்டுத் தாயார், திங்கட்கிழமைதோறும் தம் மகனுக்குப் பேருந்துக் காசு வைக்கும்போது அதே அளவு எனக்கும் அருகில் வைத்தார். நான் ஒரு குறிப்பேட்டில் கணக்கு எழுதி வந்தேன். வேலையில் சேர்ந்து முதல் ஊதியம் பெற்றதும் அக்கடனைச் செலுத்த விழைவதாக எழுதினேன், ஏற்க மறுத்துவிட்டனர். நம் மலைத் தேயிலையை ஒரு பெட்டி நிறைய அனுப்பினேன். மிகவும் அழகாக இருந்தது, கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. வீட்டில் எவரும் தேநீர் குடிப்பதில்லை அல்லவா!

சமயம் பற்றிக் கவலைப்படுவோர்க்கு: ஒரு சிறு முருகன் படம் கொண்டு சென்றிருந்தேன். அதற்கு ஒரு மாடம் ஒதுக்கித் தந்தனர். வெள்ளிக்கிழமைகளில் மெழுகுவத்தி ஏற்றினேன். எண்ணெய் விளக்கிற்குத் திரி கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு தேவாலயம் சென்று பின்வரிசையில் அமர்ந்தேன். மண்டியிடும்படி எவரும் சொன்னதில்லை. நம் கடவுளுக்கு ஏன் வேல் என்று அவ்வீட்டு மகன் கேட்டான். விடை சொல்ல எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம் என்பதை அவன் கேட்டபோதுதான் உணர்ந்தேன். ஆகவே அனுப்பும் பிள்ளைக்கு நம் சமயத்தையும் வரலாற்றையும் கேட்போருக்கு எடுத்துச் சொல்லும் அளவிற்குக் கற்பித்து அனுப்புவது இவ்வாலயத்தின் பணி. அதற்கு நிதிகூடத் தேவையில்லை.

ஓராண்டு வீணாகாதா என்பது அடுத்த கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன்: என் வகுப்புத் தோழர்களைவிட ஓராண்டு பின்னரே நான் மேற்படிப்பில் சேர்ந்தேன். அங்கு பெற்ற பள்ளிச் சான்றிதழ் இங்கு எதற்கும் உதவவில்லை. ஸ்பானிய மொழி அரசுப் பணியில் எனக்குப் பதவி உயர்வு எதனையும் பெற்றுத் தந்ததில்லை. அதனை மேலும் கற்க விரும்புவோர்க்கு இன்று மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே வாய்ப்பு உண்டு. இருபது நாடுகளின் ஆட்சிமொழி அது. ஆனால் தொழிற்பயன் கருதி மட்டும் செல்வோர் அதே செலவில் வேறு நல்ல வழிகளைக் காணலாம் என்பதே என் கருத்து. எனக்குக் கிடைத்தது வேறு. என் அலுவலகத்தின் முகப்பிற்கு அயல்நாட்டுத் தொழிலாளர் வருவர். இம்மலையில் இன்று கொழுந்து எடுப்போருள் பெரும்பாலோர் அவர்களே. அதிகாரி எதைச் சொன்னாலும் தலையசைப்பர். புரிந்துகொண்டதாக எண்ணிப் படிவத்தில் கையொப்பம் வாங்கிவிடுவர் சிலர். அந்தத் தலையசைப்பிற்குப் பொருள் ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும். 1998 பிப்ரவரி முதல் மே வரை நான் அசைத்த தலை அது. ஆகவே மறுபடியும் மெதுவாகச் சொல்வேன். அவர்களையே திருப்பிச் சொல்லச் செய்வேன்.

பெண்பிள்ளையைத் தனியே அனுப்பலாமா? இக்கேள்வியை ஆண்பிள்ளைக்கும் கேட்க வேண்டும் என்பது என் முதல் விடை. கேட்க வேண்டியவற்றைப் பெற்றோர்க்குச் சொல்கிறேன். ஏற்கும் குடும்பத்தை நடத்துநர் நேரில் சென்று பார்த்தனரா? பிள்ளைக்குத் தனி அறையா, யாரோடு பகிர்வு? அவ்வூரில் முறையீடு கேட்பவர் யார், அவர் குடும்பத்தாருக்கு உறவினரா? வீடு மாற்றக் கேட்டால் எத்தனை நாளில் மாற்றுவர்? மருத்துவக் காப்புறுதி எதையெல்லாம் ஏற்கும்? இவற்றிற்கு எழுத்தில் விடை தராத அமைப்பு எதுவாயினும் அனுப்ப வேண்டாம். தந்தால், அச்சம் ஒன்றையே காரணமாக்கித் தடுக்கவும் வேண்டாம். இக்காலத்தில் கைப்பேசி இருக்கிறது. பெற்றோர் தினமும் அழைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். இரவெல்லாம் இங்குள்ளோரோடு பேசும் பிள்ளை அங்கே வாழவே தொடங்காது. எனக்கு வாய்த்தது திங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, எஸ்.பி.எம். முடிவை அக்கா அதில்தான் படித்துச் சொன்னார்.

நிதி குறித்து என் கருத்து. ஒரு பிள்ளையின் பயணச் செலவில் பத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்பு நடத்தலாம் என்று குழுவில் ஒருவர் கூறியதாக அறிகிறேன். அவர் கூற்று நியாயமானது. அந்த வகுப்புகள் நிற்கக்கூடாது. முழுச் செலவையும் ஆலயம் ஏற்க வேண்டாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம். விண்ணப்பித்துள்ள மாணவியின் குடும்பம் முக்கால் பங்கைத் திரட்டிவிட்டது. எஞ்சிய கால் பங்கை நிதியும் நாங்கள் சிலரும் சேர்ந்து ஏற்கலாம். என் பங்கை இன்றே செயலாளரிடம் ஒப்படைக்கிறேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பரிமாற்றம் என்றால் இருபுறமும் நிகழ வேண்டும். நாம் அனுப்புவதைப் பற்றியே பேசுகிறோம். ஏற்பதைப் பற்றி எவரும் பேசவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வெளிநாட்டு மாணவர் நம் நாட்டிற்கும் வருகின்றனர். அவர்களுள் ஒருவரை இம்மலையிலுள்ள தமிழ்க் குடும்பம் ஏற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. வீடு சிறியது, கட்டில் இல்லை, ஆங்கிலம் வராது என்று கூறுவீர்கள். என்னை ஏற்ற வீட்டில் குளியலறை ஒன்றே. ஆறு பேர் அதைப் பகிர்ந்துகொண்டோம். ஆங்கிலம் அங்கு எவருக்கும் வராது. வந்திருந்தால் நான் ஸ்பானியம் கற்றிருக்க மாட்டேன். வரும் பிள்ளை இட்டிலியை முதலில் வெறுக்கும். பிறகு கேட்டு வாங்கி உண்ணும். அடுத்த ஆண்டிற்கு ஒரு மாணவரை ஏற்க விரும்பும் குடும்பத்தார், பிரசாதம் வழங்கி முடிந்ததும் மண்டப வாயிலில் அமர்ந்திருக்கும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். படிவங்களை நிரப்ப நான் உடனிருந்து உதவுகிறேன். நாளை நண்பகல் வரை இங்கேதான் இருப்பேன்.